ககாவாவுக்கு அனுப்பிய வாளி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் அம்மா, பெரியண்ணை, அண்ணி, நான். இல்லாதவர்கள் அப்பாவும் சின்னண்ணையும். அப்பா ஏன் இல்லை என்று எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வோம். அம்மாவும் நானும்தான் அவர்மேல் மண் தள்ளினோம். சின்னண்ணையைப் பற்றி அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை. முல்லைத்தீவில், போரின் கடைசி மாதங்களில், சனமெல்லாம் ஒரு துண்டுக் கடற்கரையில் நெருங்கிக் கிடந்தபோது, தின்ன ஏதாவது பிடித்து வருகிறேன் என்று இன்னும் இரண்டு பேருடன் ஒரு விடியற்காலை வள்ளத்தில் போனார். அவருக்குப் பதினாறு வயது. வள்ளம் திரும்பவில்லை. மூவரில் ஒருவருடைய உடலும் கரை ஒதுங்கவில்லை.

நாங்கள் கூடியது வீடு மாறுவதைப் பற்றிப் பேச. பாரிசில், மார்க்ஸ் டோர்மோயில் எங்களுக்கு இருந்தது இரண்டு சிறிய அறைகள், ஒரு குசினி. அண்ணிக்கு அப்போது நாலாம் மாதம். பெரியண்ணை புறநகரான பொண்டியில் மூன்று அறை உள்ள வீடொன்றைப் பார்த்து, பாண்டிச்சேரியைச் சேர்ந்த, வேலையில் இருந்து ஓய்வு பெற்ற வீட்டுக்காரரிடம் ஒரு மாத வாடகையை முற்பணமாகக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஜூன் முதலாம் திகதி குடிபோகலாம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தான் வரவில்லை என்றார்.

"இந்த விலாசத்தைத்தான் எல்லா இடமும் குடுத்து வைச்சிருக்கு" என்றார். "அவன் ஆரிட்டையாவது விசாரிச்சால் இஞ்சைதான் வருவான்."

எல்லா இடமும் என்று அம்மா சொன்னது உண்மை. காணாமல் போனவர்களைத் தேடித்தரும் அமைப்புகள், ஆணைக்குழுக்கள், ஊரில் பதிவு எடுத்தவர்கள், யாரென்றே தெரியாமல் தொலைபேசியில் பணம் கேட்டவர்கள் என்று பன்னிரண்டு வருடமாக ஒரே விலாசம்தான் போய்க்கொண்டிருந்தது. பெரும்பாலானவற்றை நிரப்பியது நான். எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருவன்தான். படிவம் என்று எது வந்தாலும் என் கைக்கே வரும். கீழே தபால் பெட்டியில் எங்கள் பெயர்களோடு சின்னண்ணையின் பெயரும் இருந்தது. ஒருமுறை அந்தப் பெயரைப் பார்த்தோ என்னவோ, தளபாடக் கடையொன்று அவருக்கு விளம்பரப் புத்தகம் அனுப்பியிருந்தது. அம்மா அதை எறியவில்லை.

நானும் அம்மாவைவிட மேலானவன் இல்லை. லாச்சப்பலில் தமிழ்க் கடைகளின் முன்னால் ஆண்கள் கூட்டமாக நின்று கதைக்கும்போது, ஒரு முதுகைக் கண்டு நடையைக் குறைத்துவிடுவேன். வருடா வருடம் அவருக்கு ஒரு வயதைக் கூட்டுவேன். மனதுக்குள் அவருக்கு இருபதில் மீசை வைத்தேன். முப்பதில் முன்தலையில் கொஞ்சம் முடியை எடுத்தேன். முகம் திரும்பும்வரை நிற்பேன். திரும்பியதும் நேரமாகிவிட்டவன்போல நடந்துவிடுவேன்.

அதே மாதத்தில்தான் எனக்கு யப்பான் வந்தது. சென் தெனியில் பல்கலைக்கழகத்தில் புவியியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். சிறிய நிலப்பகுதிகளைப் பற்றி ஆளுக்கொரு எக்ஸ்போசே செய்யவேண்டும். இருபது நிமிடம் வகுப்பின் முன் நின்று பேசவேண்டும். பெட்டிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுத்தோம். எனக்கு வந்த சீட்டில் ககாவா என்று இருந்தது. நான் அந்தப் பெயரை அதற்கு முன் கேட்டதே இல்லை.

வாய்விட்டுப் பேசிப் பார்த்தால்தான் எனக்கு மனதில் நிற்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வெங்காயம் உரிக்கும் மேசையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, பிரெஞ்சில் ஒருதரம், அம்மாவுக்குத் தமிழில் ஒருதரம் சொல்வேன். யப்பானின் நாற்பத்தேழு பிரெபெக்சூர்களில் பரப்பில் மிகச் சிறியது இது என்று தொடங்கினேன். விசாவுக்கும் வதிவிட அட்டையான கார்த்துக்கும் நாங்கள் போய் நிற்கும் இடத்துக்கும் இங்கே அதே பெயர்தான். அம்மா கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"யப்பானிலையும் விடிய எழும்பி வரிசையில நிக்கவேணுமோ?"

இல்லை, அது மாகாணம் மாதிரி, எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தைவிடச் சிறியது என்றேன். வடக்கே தீவுகள் நிறைந்த உள்கடல். தெற்கே மலை மதில்போல நிற்பதால் மழை மேகம் இந்தப் பக்கம் வருவது குறைவு. சொல்லிக்கொள்ளப் பெரிய ஆறு இல்லை. ஆகவே ஆயிரத்துச் சொச்சம் வருடங்களாகச் சனம் குளம் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. இன்றைக்கும் பத்தாயிரத்துக்கு மேல் குளங்கள். எல்லாவற்றிலும் பெரிய குளத்தின் அணை உடைந்தபோது அதைத் திருத்திக் கட்டியவர் ஒரு துறவி.

"குளத்துக்கு மேல மழை பெய்யாட்டி ஆர் கட்டினாலும் என்ன" என்றார் அம்மா. ஆனாலும் வெங்காயத்தை எடுக்கவில்லை. மேலே சொல்லு என்பதுபோல இருந்தார்.

ககாவாவில் ஒருகாலத்தில் மூன்று வெள்ளைகள் பெயர்பெற்றவை: உப்பு, சீனி, பருத்தி. பிறகு கோதுமை. தடித்த வெள்ளை நூடில்ஸான உடோனுக்கு அதுதான் தாய்வீடு. இதைப் பெரியண்ணையிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அவர் பதினாறு வருடமாக யப்பானிய ரெஸ்ரோரண்டில் சமைக்கிறார். முதலாளி சீனர், குசினியில் நிற்பவர்கள் நாங்கள், சாப்பிட வருபவர்கள் பிரெஞ்சுக்காரர்.

"நான் ஒரு நாளைக்கு நூறு கோப்பை உடோன் போடுறன். அது ஒரு ஊரிலயிருந்து வந்ததெண்டு இப்பத்தான் தெரியும்" என்றார்.

வரலாற்றுப் பகுதி எனக்கே ஒரு மாதிரி இருந்தது. தோற்றுப்போன பேரரசர் ஒருவரை அங்கே நாடு கடத்தியிருக்கிறார்கள். அவர் வருடக்கணக்காக இருந்து புனித நூல்களைக் கையால் எழுதித் தலைநகருக்கு அனுப்பினாராம். அவை திருப்பி அனுப்பப்பட்டனவாம். அந்தக் கோபத்தோடு செத்து, பெரிய ஆவியானார் என்பது அங்குள்ள கதை. கிழக்குப் பக்கக் கடலில் இரண்டு குலங்கள் மோதியிருக்கின்றன. அந்த உள்கடலில் பிடிபடும் ஒருவகை நண்டின் முதுகில் கோபமான மனித முகம் தெரியுமாம். செத்த வீரர்களின் முகம் என்று மீனவர்கள் அதைத் திரும்பக் கடலில் விட்டுவிடுவார்களாம். இதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்து, பாதியில் நிறுத்தினேன். அவர், "விடத்தான் வேணும்" என்றார்.

பார்க்க வேண்டிய இடங்களுக்கு வந்தேன். பழைய பூந்தோட்டம், ஒலிவ் மரத் தீவு, ஓவியங்கள் நிறைந்த இன்னொரு தீவு, கடைசியாக மலைமேல் இருக்கும் கோயில். அதன் கொன்பிரா என்ற பெயர் முதலையைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து போனது. கடலில் போகிறவர்களைக் காக்கிற தெய்வம். சந்நிதி வரைக்கும் எழுநூற்று எண்பத்தைந்து படிகள். முன்னாளில் அங்கே நடந்து போக ஏலாதவர்கள், தங்களுக்குப் பதிலாக நாயின் கழுத்தில் காசுப் பையும் பெயர் எழுதிய பலகையும் கட்டி அனுப்புவார்கள். வழியில் கண்டவர்கள் அதற்குச் சாப்பாடு போட்டு, அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கப்பலில் போகிறவர்கள் காசும் அரிசியும் போட்ட பீப்பாவைக் கடலில் இறக்கிவிடுவார்கள். எவன் கண்டெடுத்தாலும் அதைக் கொண்டுபோய்க் கோயிலில் சேர்ப்பது வழக்கம். சேர்த்தவனுக்கும் அந்தப் பலன் உண்டு.

அம்மா தாளொன்றைத் தன் பக்கம் இழுத்து, "எந்தக் கடலில விட்டாலும் போகுமோ?" என்று கேட்டார்.

நான் படித்தவன் என்ற மிதப்பில், கடல் எல்லாம் ஒன்றோடொன்று தொடுத்தது என்று வரைபடத்தில் விரலால் இழுத்துக் காட்டினேன். அந்த விரலை நான் வைத்திருக்கக் கூடாது.

மூன்று நாள் கழித்து அம்மா பெரியண்ணையிடம் நிபந்தனை சொன்னார். அந்தக் கோயிலுக்கு ஒரு பீப்பா அனுப்பினால் தான் பொண்டிக்கு வருவதாக. பெரியண்ணை என்னைப் பார்த்தார்.

"உனக்குப் படிப்பிச்சது இதுக்கோடா?"

ஆனால் அண்ணி அவரை உள்ளே கூப்பிட்டு ஏதோ சொன்னார். வெளியே வந்தபோது அவருக்குக் கோபம் இல்லை. பிறகு அண்ணி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: அம்மா பதினொரு வருடமாகச் சின்னண்ணையின் பிறந்தநாளுக்கு இரண்டு யூரோ நாணயக் குற்றியொன்றை மஞ்சள் துணியில் முடிந்து அம்மன் படத்தின் கீழ் வைக்கிறார், அவன் வந்தால் செலுத்துகிற நேர்த்திக்காசு அது. அதை அவிழ்த்துப் பீப்பாவில் போடப்போகிறாராம். வராமலே நேர்த்தியைச் செலுத்துவதென்றால் அதன் பொருள் வேறென்ன? செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டியைச் செய்வோம் என்று தான் எத்தனை தரம் கேட்டும் சம்மதிக்காத அம்மா, தன்பாட்டில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார் என்று அண்ணி நினைத்தார். பெரியண்ணை நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பீப்பாவுக்குப் பதில் பெரியண்ணை வேலையிடத்தில் இருந்து ஒரு வெள்ளை வாளி கொண்டுவந்தார். ஊறவைத்த இஞ்சி வரும் பிளாஸ்டிக் வாளி. மூடி இறுக்கமாகப் பூட்டும். எத்தனை தரம் கழுவியும் இஞ்சிப் புளிப்பு போகவில்லை. அம்மா பச்சரிசி போட்டு, அதன்மேல் மஞ்சள் முடிச்சை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, எழுது என்றார்.

"என்னத்தை?"

"அவன்ர பெயர், பிறந்த திகதி, கடைசியாப் போன இடம். எங்கட விலாசம்."

"கோயிலுக்குப் போறதுக்கு ஏனம்மா விலாசம்?" என்றார் பெரியண்ணை.

"நாய்க்கே பெயர் கட்டித்தானே விட்டவை."

எழுதினேன். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதி, யப்பானிய எழுத்தில் கோயிலின் பெயரைப் பார்த்து வரைந்தேன். கை பழகிய பழக்கத்தில், இடப்பக்க மேல்மூலையில் அனுப்புநர் என்று என் முழுப்பெயர், விலாசம், தொலைபேசி எண். கீழே பாரிசில் எழுதப்பட்டது என்று திகதி போட்டு ஒப்பமிட்டேன். இந்த நாட்டில் ஒப்பமும் திகதியும் இல்லாத தாளை ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்பது எனக்குப் பதின்மூன்று வயதிலேயே தெரியும். லாச்சப்பலில் ஃபொட்டோக்கொப்பி எடுக்கும் கடையில் கொடுத்து, தண்ணீர் புகாமல் பிளாஸ்டிக் உறை போட்டு வாங்கினேன். வேலை சுத்தமாக இருந்தது. கடைக்காரர்கூடப் பாராட்டினார்.

பெரியண்ணைக்கு வேலை இல்லாத ஒரு திங்கட்கிழமை, ஏப்ரலில், மூன்று பேரும் ரயிலெடுத்து நோர்மண்டிக் கரைக்குப் போனோம். அண்ணி வரவில்லை. கரையில் மணல் இல்லை, உருண்டைக் கற்கள். வாளி எங்கள் வீட்டு மரக்கறிப் பைக்குள் இருந்தது. நான் தொலைபேசியில் வற்றுப் பெருக்கு நேரம் பார்த்து வைத்திருந்தேன். அம்மா அதைக் கேட்கவில்லை. கற்களின் ஈரம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்த்தார்.

"வத்துது. இன்னும் கொஞ்சம் பொறுத்து விட்டால் வெளியில இழுக்கும்" என்றார்.

அப்பா தொழிலுக்குப் போன நாட்களில் அவர் கரையில் நின்ற மாதிரி அது. பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் அவரைக் கடல் பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்ததில்லை. வரச்சொல்லிக் கேட்டபோதெல்லாம் கால் நோகுது என்றிருந்தார்.

சிமெந்து அணையின் நுனிவரை போய் வாளியை இறக்கினோம். அது முதலில் சரிந்து, பிறகு நிமிர்ந்து, தலையை ஆட்டிக்கொண்டு போனது. நான் திரும்பிப் பார்த்தபோது பெரியண்ணை படியில் இறங்கி, காலணியோடு தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் நீர்க்கடன்போல அள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். ஒருதரம். இரண்டாந்தரம்.

"நீ என்ன செய்யிறாய்?"

அம்மாவின் குரல் உயரவில்லை.

"ஒண்டுமில்லையம்மா."

"கையை உதறிப்போட்டு மேல வா."

மூன்றாவது கை அவர் அள்ளவில்லை. ரயிலில் அம்மா நித்திரையானதும், "அம்மா விட்டிட்டா, தம்பி. சொல்லத்தான் மாட்டா" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. அவர் இங்கே வரமுன் சின்னண்ணையைக் கடைசியாகக் கண்டது சின்னண்ணையின் பதின்மூன்று வயதில். அவருக்குள் சின்னண்ணைக்கு வயது ஏறவே இல்லை.

எக்ஸ்போசே நன்றாகப் போனது. இருபதுக்குப் பதினைந்து. அம்மா சாமான்களைப் பெட்டிகளில் கட்டத் தொடங்கினார். அதைப் பார்க்க எனக்கு ஏனோ பயமாக இருந்தது. அவ்வளவு இலகுவாக நடக்கிற விடயம் இல்லை அது. ஒரு பிற்பகலில் லாச்சப்பல் மெட்ரோப் படியில் ஒரு முதுகைக் கண்டேன். நிற்கவில்லை. நிற்காமல் போனதற்காக அன்று முழுக்க என்னவோ செய்தது.

மே நடுவில், நான் பல்கலைக்கழகத்தால் வந்தபோது அம்மா வாசலில் நின்றார். கையில் தபால்காரர் போட்டுவிட்டுப் போன துண்டு. ரெக்கொமாண்டே, பதிவுத் தபால் ஒன்று வந்திருக்கிறது, பெயருக்குரிய ஆள் இல்லாததால் மறுநாள் தபால் கந்தோரில் ஒப்பமிட்டு எடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அம்மாவுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒப்பம் கேட்கும் கடிதம் பெரிய கடிதம் என்று தெரியும்.

"எங்கையிருந்து?"

அனுப்பிய இடத்தின் தபால் இலக்கத்தைப் பார்த்தேன். அந்தக் கரைப்பக்கத்து இலக்கம். நான் சொல்லியிருக்க வேண்டியது, தெரியவில்லை அம்மா என்பதைத்தான். "கடல் பக்கத்தால" என்று சொல்லிவிட்டேன்.

அவர் அந்தத் துண்டை அம்மன் படத்தின் கீழ் வைத்தார். படித்தவன் நான், நீரோட்டங்களை வரைபடத்தில் வரைந்து மதிப்பெண் வாங்கியவன். ஆனாலும் அந்த ஒரு நாள், எவரோ ஒரு மீனவர் வாளியைத் திறந்து பெயரைப் படித்து, இந்தப் பெயரில் ஒருவனைத் தெரியுமே என்று நினைத்திருக்கலாம் என்று என் மனமும் ஓடியது. வங்காள விரிகுடாவில் காணாமல் போனவரை நோர்மண்டியில் யாருக்குத் தெரியும் என்று ஒரு பக்கம் சொல்லும். மற்றப் பக்கம் கேட்காது.

மறுநாள் காலை தபால் கந்தோர் திறக்க முன்னமே போய் நின்றோம். அம்மா கலியாண வீட்டுக்கு உடுக்கும் சேலை உடுத்திருந்தார். அடையாள அட்டையைக் காட்டி, ஒப்பமிட்டு, அங்கேயே சுவரோரம் நின்று உடைத்தேன்.

ஒரு சிறு நகரசபையின் கடிதம். தங்கள் கடற்கரையில், நாங்கள் விட்டு இரண்டாம் நாள், வாளியொன்று ஒதுங்கியிருக்கிறது. பொது இடத்தில் கழிவு கொட்டியதற்கு நூற்று முப்பத்தைந்து யூரோ அபராதம். அனுப்புநரின் பெயர், விலாசம், ஒப்பம் உள்ளே இருந்ததால் ஆளை அறிவதில் சிரமம் இருக்கவில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். கண்டெடுத்தவற்றின் பட்டியலும் இருந்தது: மூடி திறந்த வாளி, ஈர அரிசி, மஞ்சள் துணி, பிளாஸ்டிக் உறையிட்ட தாள்.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் பட்டியலை மறுபடி சொல்லச் சொன்னார்.

"காசு?"

"காசைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை."

"அப்ப எடுத்திருக்கினம்."

"ஓம், ஆரோ எடுத்திட்டினம்."

"எடுத்தவன் கொண்டுபோய்க் குடுக்க வேணும். அதுதான் முறை எண்டு நீதானே சொன்னனி."

அவர் கடிதத்தை வாங்கி, உறையில் இருந்த எங்கள் விலாசத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"பாத்தியே. கடலில விட்டது. இந்த வாசலுக்கு வந்திருக்கு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் அன்று கரையில் ஒருவரை வழியனுப்பினோம் என்று நினைத்திருந்தோம். அம்மா ஒரு கடிதம் போட்டிருந்தார்.

வீட்டில் பெரியண்ணை கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, முதலில் என்னைத்தான் ஏசினார். கார்த் புதுப்பிக்கிற நேரத்தில் இந்த அபராதம் வந்து நிற்கும், கள்ளன்கூட ஒப்பம் வைத்துவிட்டுப் போகமாட்டான் என்றார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். சத்தம் போட்டார், கெஞ்சினார். தபால்காரன் விலாசம் மாற்றி அனுப்புவான், அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது, தம்பி நிரப்புவான் என்றார். அம்மா கட்டிய பெட்டிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, சட்டிகளைப் பழைய இடத்தில் அடுக்கினார்.

"நீங்கள் போங்கோ" என்றார். "நான் தனிய இருப்பன். எனக்குப் பயமில்லை."

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரம் அம்மாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "விடுங்கோப்பா. மாமியை விட்டிட்டு நாங்கள் எங்கை போறது" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

பொண்டி வீட்டுக்காரரிடம் நான்தான் போனேன். நல்ல மனிதர், அம்மா சம்மதிக்கும்வரை இரண்டு தரம் தவணை தந்தவர். தேநீர் தந்துவிட்டு, "தம்பி, வேற ரெண்டு பேமிலிய நான் வேணாம்னு அனுப்பிட்டேன், உங்களுக்காகத்தான். அந்தக் காசை எங்கிட்ட கேக்காதீங்க" என்றார். நான் கேட்கவில்லை. அபராதத்தை அம்மா தன்னுடைய சேமிப்பிலிருந்து எடுத்துத் தந்தார். ஒரு தபால் செலவுபோல, முகம் சுளிக்காமல்.

வாளிக் கணக்கை எழுதிப் பார்த்தேன்: பொண்டி முற்பணம் தொள்ளாயிரத்து ஐம்பது, மூன்று பேர் போய்வந்த ரயில் நூற்றெட்டு, அபராதம் நூற்று முப்பத்தைந்து. அம்மாவின் நேர்த்திக்காசை இதில் சேர்க்கக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டதால், மொத்தம் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்று மூன்று யூரோ.